பார்த்தும் நிற்காத கார்

உடம்புள்ள இயந்திரத்துக்கு மூளையை எப்படிக் கட்டுவது? அரை நூற்றாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளைப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி இது. விடை பிசகினால் பலியாவது மனித உயிர்.

2018 மார்ச் 18. இரவு 10 மணியாகப் போகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், அகலமான சாலை ஒன்றை சைக்கிளைத் தள்ளியபடி கடந்துகொண்டிருக்கிறார் ஒரு பெண். மணிக்கு சுமார் 70 கி.மீ. வேகத்தில் ஒரு வால்வோ கார் வருகிறது. ஸ்டீயரிங்கின் பின்னால் ஆள் உண்டு. ஆனால் காரை ஓட்டிக்கொண்டிருப்பது ஊபர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர். கார் மோதியதில் அந்தப் பெண் இறந்துபோனார். தானாக ஓடும் காருக்கு ஒரு பாதசாரி பலியானது அதுவே முதல் முறை.

கம்ப்யூட்டர் அவரைப் பார்க்கவில்லையா? பார்த்தது. மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே, 100 மீட்டருக்கும் அதிகமான தூரத்திலேயே பார்த்துவிட்டது. பிரேக் போட அந்த தூரம் தாராளம். பிறகு ஏன் நிற்கவில்லை?

2019 நவம்பரில் வெளியான அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை முடிவுகள் இதற்குத் தரும் விடை விசித்திரமானது. எதிரே இருப்பது வாகனமா, வேறு ஏதாவதா, சைக்கிளா என்று கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டே இருந்தது. முடிவை மாற்றிய ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் அதுவரை எப்படி நகர்ந்து வந்தது என்ற பழைய கணக்கைக் கைவிட்டது. எனவே அந்தப் பெண் சாலையின் குறுக்கே நடந்து வருகிறார் என்பது கடைசிவரை அதற்குப் புரியவே இல்லை. மோதல் தவிர்க்க முடியாதது என்று உணர்ந்தபோது மிச்சமிருந்தது 1.2 விநாடிகள். அப்போதும் பிரேக் விழவில்லை. வெறும் பிரமைக்கெல்லாம் கார் சடாரென்று நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஆபத்தை உணர்ந்த பிறகும் 1 விநாடி பொறுத்திருக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். அந்த விநாடியும் கழிந்தது.

கேமராவும் ரேடாரும் தங்கள் வேலையைச் செய்தன. பார்ப்பது, நினைவில் வைப்பது, ஊகிப்பது, செயல்படுவது ஆகிய நான்கையும் பிணைக்கும் கட்டமைப்புதான் கைவிட்டது. செயற்கை அறிவுத் துறையில் இதைச் சிந்தனைக் கட்டமைப்பு என்கிறார்கள். மூளைக்குள் எந்தப் பகுதி எதைச் செய்ய வேண்டும், அவசரத்தில் யார் பேச்சை யார் கேட்க வேண்டும் என்பதற்கான வரைபடம் என்று சொல்லலாம். செஸ் ஆடும் கம்ப்யூட்டர் யோசித்து முடிக்கும் வரை காய்கள் நகராமல் காத்திருக்கும். சாலை காத்திருக்காது.

நடுங்கியும் பூச்சியும்

இந்தப் பிரச்சினையை முதலில் எதிர்கொண்டவர்கள் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தினர். 1966க்கும் 1972க்கும் இடையே அவர்கள் உருவாக்கிய சக்கர ரோபோ நகரும்போது ஆட்டம் கண்டது. அதனால் ஷேக்கி, அதாவது நடுங்கி, என்று பெயர் வைத்தார்கள். தலையில் டெலிவிஷன் கேமரா, தூரத்தை அளக்கும் கருவி, முட்டினால் உணர்த்தும் கம்பிகள். மூளை மட்டும் உடம்பில் இல்லை. தனியாக இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு அது ரேடியோ வழியே பேசியது.

ஷேக்கியின் தர்மம் எளிமையானது: முதலில் பார், மனதுக்குள் அறையின் படத்தை வரை, திட்டம் போடு, பிறகு நகரு. ஒரு பெட்டியைத் தள்ளச் சொன்னால், எந்தக் கதவு வழியாகப் போய் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவது என்று தானே திட்டமிட்டது. குறுகிய வழியைத் தேட அதற்காக 1968இல் வகுக்கப்பட்ட கணக்குமுறையின் வாரிசுகள் இன்றும் வீடியோ கேம்களிலும் வழிகாட்டும் கருவிகளிலும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஷேக்கியின் உலகம், ஒழுங்காக வெளிச்சம் போட்டு சில பெட்டிகளை மட்டும் வைத்த அறைகள்தான். அது யோசிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் யாராவது பெட்டியை நகர்த்தினால் திட்டம் பாழ்.

1986இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து எதிர்ப்புக் குரல் கிளம்பியது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ராட்னி புரூக்ஸ், மனதுக்குள் படம் வரையும் வேலையே வீண் என்று வாதிட்டார். உலகம் கண்ணெதிரே இருக்கும்போது அதன் நகல் எதற்கு? அவருடைய கட்டமைப்பில் அடுக்குகள்தான் உண்டு. கீழடுக்கு முட்டாமல் விலகும். அதற்கு மேலுள்ள அடுக்கு சுற்றித் திரியும். அதற்கும் மேலுள்ளது எதையாவது தேடிப் போகும். ஒவ்வொன்றும் உணர்கருவிகளோடு நேரடித் தொடர்பு கொண்டது. தலைமை மூளை என்று எதுவும் கிடையாது.

வாதத்துக்கு சாட்சியாக 1989இல் வந்தது ஜெங்கிஸ். ஆறு கால்கள், சுமார் 1 கிலோ எடை, உள்ளே 57 சின்னஞ்சிறு தானியங்கி அலகுகள். கரடுமுரடான தரையில் பூச்சியைப் போல ஏறி இறங்கி நடந்தது. யானை செஸ் ஆடுவதில்லை, அதற்காக அதை அறிவில்லாதது என்று சொல்ல முடியுமா என்பது புரூக்ஸ் கட்சியின் கேள்வி. 1990இல் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம்தான் 2002இல் ரூம்பா என்ற தரை கூட்டும் ரோபோவை வீடுகளுக்குள் அனுப்பியது.

ஆனால் பூச்சிக்கும் எல்லை உண்டு. முட்டாமல் நடக்கத் தெரிந்த ஜெங்கிஸுக்கு, நாளை எங்கே போக வேண்டும் என்று யோசிக்கத் தெரியாது. எனவே 1990களில் ஆராய்ச்சியாளர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். மேலே நிதானமாகத் திட்டமிடும் அடுக்கு, கீழே கண நேரத்தில் செயல்படும் அடுக்கு, நடுவே இரண்டுக்கும் தூது போகும் அடுக்கு. 1999 மே மாதத்தில் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைச் சில நாட்கள் கட்டுப்படுத்திய மென்பொருளும் இந்த வம்சம்தான். திட்டமிடவும், திட்டத்தை நிறைவேற்றவும், கோளாறைக் கண்டுபிடிக்கவும் அதில் தனித்தனிப் பகுதிகள் இருந்தன.

கிண்டி தொடர்பு

இந்தக் கதையில் ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. ஆந்திரத்தின் காட்டூர் கிராமத்தில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979இல் ரோபோ ஆய்வு நிலையத்தைத் தொடங்கிவைத்தவர். 1994இல் கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். அந்த நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1995இல் ஒரு வேனில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். பயணத்தில் 98 சதவீத தூரத்துக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பியது கம்ப்யூட்டர். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மட்டும் மனிதர்கள் தங்கள் வசம் வைத்துக்கொண்டார்கள்.

20 ஆண்டுகள் கழித்து, 2015இல், இதே பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆராய்ச்சியாளர்கள் பலரை ஊபர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இந்த முறை பிரேக்கும் கம்ப்யூட்டரிடம் போனது. மோதலைத் தவிர்க்க வால்வோ நிறுவனம் காரிலேயே பொருத்தியிருந்த தானியங்கி பிரேக், ஊபரின் கம்ப்யூட்டர் ஓட்டும்போது செயல்படாதபடி வைக்கப்பட்டிருந்தது. புரூக்ஸின் மொழியில் சொன்னால், முட்டாமல் விலகும் கீழடுக்கை மேலடுக்கு வாயடைத்துவிட்டது.

இந்தியச் சாலையில்

டெம்பி அறிக்கையில் இந்தியர்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு வரி இருக்கிறது. பாதசாரிகள் கடப்பதற்கென்று கோடு போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் மனிதர்கள் சாலையைக் கடக்கக்கூடும் என்பதையே அந்த மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை. இந்த ஊகத்தோடு எந்தக் காராவது டெல்லியின் சாந்தினி சௌக்கிலோ மதுரையின் மாசி வீதியிலோ நுழைந்தால் என்ன ஆகும்? இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

ஓட்டுனரில்லாத கார்களை அனுமதிக்க முடியாது, அவை டிரைவர்களின் பிழைப்பைப் பறிக்கும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் சொன்னார், 2023லும் சொன்னார். ஆனால் அவசரத்தில் தானே பிரேக் போடும் கார்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்.யு.வி.700 ஓர் உதாரணம். முடிவெடுக்கும் இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது.

அதற்கு நம் சாலையைக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகளும் உண்டு. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஹைதராபாத், பெங்களூர் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் குறித்து, 2018இல் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தார்கள். ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் அதில் இடம் உண்டு. மேலைநாட்டுத் தொகுப்புகளில் சாலை என்றால் தாரும் கோடும். இங்கே சாலை எங்கே முடிகிறது என்பதே ஒரு கேள்வி. வண்டி ஓடக்கூடிய மண் ஓரத்துக்கும் தனிப் பெயர் தேவைப்பட்டது.

புதிய தலைமுறையோ வேறு வழியில் போகிறது. கோடிக்கணக்கான வாக்கியங்களையும் படங்களையும் படித்த மொழி மாதிரிகளையே ரோபோவின் மூளையாக்குகிறார்கள். கூகுள் டீப்மைண்ட் 2023 ஜூலையில் காட்டிய ஆர்.டி.2 ரோபோவிடம் அழிந்துபோன மிருகத்தை எடு என்றால், மேஜையில் உள்ள பொம்மைகளில் டைனோசரைப் பொறுக்கி எடுத்தது. ஷேக்கியால் கனவு காணவும் முடியாத பொது அறிவு. ஆனால் அந்த மாதிரியின் பெரிய வடிவம் விநாடிக்கு 1 முதல் 3 முடிவுகளைத்தான் எடுக்க முடிந்தது. மேஜைக்கு அது போதும். 70 கி.மீ. வேகத்துக்கு? நிதானமான அறிவுக்கும் அவசரமான உடம்புக்கும் இடையிலான பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது.

டெம்பி வழக்கு முடிந்த விதம் இன்னொரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. நிறுவனத்தின் மீது கிரிமினல் குற்றச்சாட்டு இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள். இருக்கையில் இருந்தவர் சாலையைக் கவனிக்காமல் செல்போனில் இருந்ததாகச் சொன்னது விசாரணை. அவர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் பதில் 3 ஆண்டுக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். 1 விநாடி பொறு என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த கைகள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

முன்னால் போகும் ஆட்டோவின் டிரைவர் ஒரு காலை வெளியே நீட்டினால், அவர் திரும்பப் போகிறார் என்று இந்தியச் சாலையில் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். கால் பிரேக்குக்குப் போய்விடும். அது ஆட்டோ என்று சொல்ல இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் காலுக்கு என்ன அர்த்தம் என்று அது தெரிந்துகொள்ளும் வரை, பிரேக்கின் மேல் ஒரு மனிதக் கால் இருப்பது நல்லது.