கணக்கு வாத்தியார் தாதாபாய்

தேசத்தின் தரித்திரத்தை எண்ணிக் கணக்கிட வேண்டுமென்று நமக்குக் கற்பித்தவர் ஒரு கணக்கு வாத்தியார். பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் கணிதப் பேராசிரியராக அமர்ந்த முதல் இந்தியரான தாதாபாய் நௌரோஜியைத்தான் சொல்கிறோம். 1825-ஆம் வருஷம் ஏழைப் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நான்கு வயதில் தகப்பனாரை இழந்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத தாயார் மானெக்பாய், பிள்ளையை விடாமல் படிக்க வைத்தார். அந்தக் கடனைத் தீர்ப்பவர் போல, இளமையிலேயே நண்பர்களுடன் வீடு வீடாகச் சென்று, பெண் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரை மன்றாடினார் தாதாபாய்.

1855-இல் வியாபாரக் கூட்டாளியாக லண்டன் சென்றவர், அபினி, மதுபான லாபம் தமக்கு வேண்டாமென்று அந்தக் கூட்டை உதறினார். வியாபாரம் கிடக்கட்டும், அவர் போட்ட பெரிய கணக்குக்கு வருவோம்.

1870-களில் சர்க்காரின் சொந்த அறிக்கைகளையே எதிரில் வைத்துக்கொண்டு, மாகாணம் மாகாணமாக விளைச்சலையும் விலையையும் கூட்டிப் பெருக்கினார். ஒரு தலைக்கு வருஷ வருமானம் 20 ரூபாய் என்று விடை வந்தது. அடுத்து, சிறைச்சாலைக் கணக்கைப் புரட்டினார். ஒரு கைதியின் உணவுக்கும் உடைக்கும் சர்க்கார் செலவிட்ட தொகை பல மாகாணங்களில் அதற்கும் அதிகமாயிருந்தது! ஒரு குற்றமும் அறியாத குடியானவனுக்குக் கைதியின் சோறுகூட இல்லை. அதிகாரிகள் ஆத்திரப்பட்டார்கள். ஆனால் 1882-இல் சர்க்கார் தரப்பார் போட்ட கணக்கும் 27 ரூபாயைத் தாண்டவில்லை. வெள்ளை உத்தியோகஸ்தரின் சம்பளமாகவும் பென்ஷனாகவும் நம் செல்வம் கடல் கடந்து வடிந்துகொண்டிருப்பதை அவர் ஆயுள் முழுதும் எடுத்துரைத்தார்.

இதைச் சொல்லத் தகுந்த இடம் பார்லிமெண்டே என்று கருதினார். 1886-இல் தோற்றார். ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேய வாக்காளர் ஏற்க மாட்டார்கள் என்று 1888-இல் பிரதம மந்திரி ஸாலிஸ்பரி பிரபு ஏளனம் செய்தார். நௌரோஜியின் நிறமோ பல ஆங்கிலேயரின் நிறந்தான்! 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வாக்குகளே. அவர் பெயரைத் திரித்து 'நாரோ மெஜாரிடி' என்று லண்டனில் வேடிக்கை பேசினார்கள். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற தீர்மானம் 1893-இல் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. சர்க்கார் அதை அப்படியே கிடப்பில் போட்டது; பரீட்சை இங்கே நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆங்கிலேயரின் நீதியுணர்ச்சியில் தாதாபாய்க்கு இருந்த நம்பிக்கை மிகப் பெரிது. அளவுக்கு மீறியது என்றுகூட நமக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் கணக்கு சரியானால் விடையை மறைப்பவரல்லர் அவர். 1906-இல் கல்கத்தா காங்கிரஸ் மகாசபைக்கு மூன்றாம் முறையாக அக்ராசனம் வகித்தபோது அவருக்கு வயது 81. குரல் தளர்ந்திருந்தபடியால் பிரசங்கத்தின் பெரும்பகுதியைக் கோகலே வாசித்தார். பரிகாரமாக அதில் கண்டிருந்தது ஸ்வராஜ்யம்.

1917 ஜூன் 30-ஆம் தேதி தாதாபாய் மறைந்தார். அந்த வருஷந்தான் சம்பாரணில் காந்தியடிகள் அவுரிக் குடியானவர்களை உட்காரவைத்து, அவர்கள் பட்ட நஷ்டங்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்கினார்.