பரங்கிமலையும் ஒரு வணிகர் கட்டிய பாலமும்

அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், ராயப்பேட்டை வியாபாரிகளாகிய நமக்கு அது இன்னமும் மவுண்ட் ரோடுதான். ஆனால் அந்த 'மவுண்ட்' எது என்று கேட்டால், கடையில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் விழிக்கிறார்கள். கோட்டைப் பக்கமிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலை என்பதால் வந்த பெயர் அது. கடலோரச் சமவெளியான நம் மாநகரில், சுமார் 300 அடி உயரமுள்ள அந்தக் குன்றே நமக்கு மலை.

இயேசுநாதரின் சீடர் தோமையார் இங்கேதான் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவ அன்பர்களின் நம்பிக்கை. உச்சியிலுள்ள மாதா கோயிலைப் போர்த்துகீசியர் 1523-இல் கட்டினர். 1547-இல் அங்கே கண்டெடுத்த பழைய கற்சிலுவையில் பஹ்லவி எழுத்துகள் உள்ளன. பஹ்லவி என்பது பாரசீகத்தின் பழைய மொழி. பாரசீக நாட்டோடு இந்தக் கரைக்கு இருந்த தொடர்பு எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. 1986-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து வழிபட்டார்.

நில அளவைக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் என்பவர் இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும் பணிக்கான முதல் அடிக்கோட்டை இங்கிருந்துதான் அளந்தார். அந்த அளவை வளர்ந்து வளர்ந்து, பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையே சொன்னது. லாம்டனின் மார்பளவுச் சிலை மலைமேல் இருக்கிறது.

வணிகர்களாகிய நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. முன்னாளில் மலைக்குப் போகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து அங்கே பாலம் கட்டியது அரசாங்கம் அல்ல, ஒரு வியாபாரி. அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் தம் சொந்தப் பணத்தில் 1726-இல் அதைக் கட்டினார். மலைமேல் ஏறுவதற்குப் படிகளும் அமைத்துக் கொடுத்தார். பாலத்துக்கு ஆன செலவு 30,000 வராகன்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாலத்தின் பராமரிப்புக்கென்று அவர் தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்ததுதான். முதல் போடும்போதே தேய்மானத்துக்கும் கணக்கு எழுதியவர் அவர். 1751-இல் காலமானார்; வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கட்டிய பாலம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. 1966-இல் அதே இடத்தில் இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. 1726-இலிருந்து எண்ணினால் 2026-ஆம் ஆண்டோடு முன்னூறு ஆண்டுகள் நிறைகின்றன.

கடை விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்வர நல்ல இடம் இது. ஆயிரம் விளக்கில் மெட்ரோ ரயில் ஏறி, ஆலந்தூரில் மாறினால் அடுத்த நிலையம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோவில் அடிவாரம் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வண்டி ஏறும் பாதையும் உண்டு. மேலிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் ஏறி இறங்குவது தெரியும். குழந்தைகள் இறங்கி வரவே மனமில்லாமல் நிற்பார்கள்.

திரும்பும் வழியில் நங்கநல்லூரில் 32 அடி உயர ஆஞ்சநேயரைத் தரிசிக்கலாம். சைதாப்பேட்டைக்கு அருகே சின்னமலையில் 1551-இல் கட்டிய தேவாலயமும், தோமையார் தங்கியதாகச் சொல்லும் குகையும் இருக்கின்றன. கிண்டியில் காந்தி மண்டபம், பாம்புப் பண்ணை, சிறுவர் பூங்கா மூன்றும் அருகருகே உள்ளன. வியாபார நோக்கம் உள்ளவர்கள் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஏதாவது கண்காட்சி நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துப் போனால் ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியும்.

கோடை வந்தால் நம் கடைவீதிகளிலும் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறோம். திறப்பு விழாவில் மாலை, மேளம் எல்லாம் உண்டு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பானை காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை, அதற்கென்று பணமும் இல்லை. நல்ல மனசு இல்லாமல் அல்ல, தொடர்ந்து நடத்தும் செலவுக்குக் கணக்கு வைக்காததால் வந்த வினை. பந்தலோ, நிழற்குடையோ, பள்ளிக்கூடத்துக்குக் குழாயோ, எதைச் செய்தாலும் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாயாவது பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைப்போம். உஸ்கான் வைத்ததும் இருபதில் ஒரு பங்குதான். நம் சங்கத்தின் அடுத்த தர்ம காரியத்திலேயே இதைத் தொடங்கலாம்.