உறங்காத சுக்கான்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எம்மனோர்க்கு ‘ஓய்வு’ என்னுஞ் சொல் செவிப்பட்டவுடன் நினைவிற்கு வருவது வீடு காலிசெய்தலே. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ அறுபது ஆண்டு நிறைந்தவர், நிறுவனக் குடியிருப்பை விட்டுத் தட்டுமுட்டுகளோடு சொந்த ஊர் நோக்கிப் புறப்படுவர். ஓய்வு பெற்றபின் சிறு பாய்க்கலமேறித் தனியராய் உலகைச் சூழ்ந்து வந்தவரும் ஒருவர் உளர். இந்தியக் கடற்படையினின்று 2021-ஆம் ஆண்டு விலகிய கமாண்டர் அபிலாஷ் டோமி என்பாரே அவர். (நாற்பதைச் சற்றே கடந்த வயதில் விலகினமையால் கிழவரென்று கருதற்க.)

முன்னரே 2018 செப்டம்பரில், கோல்டன் குளோப் என்னும் பந்தயத்திற் சென்றபொழுது, இந்தியப் பெருங்கடலின் தென்பாகத்தே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் முறிந்தது. அவர்தம் முதுகெலும்பும் முறிந்தது. எழவியலாது கிடந்தவரை மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. மருத்துவர் அவர் முதுகில் டைட்டானியக் கம்பிகளைப் பொருத்தினர். அம்முதுகோடு அதே பந்தயத்திற்கு 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் பிரான்சினின்று மீண்டும் புறப்பட்டார்!

இப்பந்தயத்தில் வழிகாட்டும் செயற்கைக்கோட் கருவிகளுக்கு இடமில்லை. முதற்பந்தயம் நிகழ்ந்த 1968-இல் இருந்தாங்கு, செக்ஸ்டன்ட் கொண்டு ஞாயிற்றையும் விண்மீனையும் அளந்தே இடமறிதல் வேண்டும். அன்று புறப்பட்ட ஒன்பதின்மருள் முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயிற் கட்டிய கலம்.

தனியொருவர் உறங்குங்கால் சுக்கானைப் பிடிப்பார் யார்? கலத்தின் பின்புறத்தே மெல்லிய பலகையொன்று காற்றுக்கு விளிம்பு காட்டி நிற்கும். கலம் திசை பிறழின் காற்று அதன் ஒரு பக்கத்தே அறைந்து சாய்க்கும். பலகை சாயவே, அதனோடு பிணைந்து நீரில் ஆழ்ந்திருக்கும் துடுப்பலகு சிறிது திரும்பும். சுக்கானைத் திருப்ப அப்பலகையின் வலிமை போதாது. ஆயின் திரும்பிய அலகை ஓடும் நீர் பெருவிசையோடு பக்கவாட்டிற் தள்ளும். அவ்விசையைக் கயிறுகள் சுக்கானுக்குக் கொண்டுசெல்லக் கலம் பழைய திசைக்கு மீளும். மின்சாரம் விளையும் ஊரினனாகிய எனக்கு, மின்சாரஞ் சிறிதும் வேண்டாத இவ்வேற்பாடு பெருவியப்பாயிற்று. குறையும் ஒன்றுண்டு: காற்றுத் திசை மாறின் கலமும் உடன் மாறும், ஆதலின் மாலுமி நெடிது உறங்கலாகாது.

டோமியின் இக்கருவி நடுக்கடலிற் பழுதுற்றது. கழிப்பறைக் கதவையும் அறுத்து அதனைச் செப்பனிட்டார். புறப்பட்ட பதினாறு பேருள் எங்கும் நில்லாது முடித்தவர் மூவரே. முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்க நங்கை கிர்ஸ்டன் நொய்ஷேஃபர். இரண்டு நாள் கழித்து, 2023 ஏப்ரல் 29-ஆம் நாள், 236 நாட் பயணம் முடித்து டோமி கரையேறினார்.