நடுவில் நுழைந்த 'த்'

கடந்த பள்ளி விடுமுறையில் கைப்பேசிச் செயலி ஒன்றின் துணையோடு ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினேன். எதிர்காலப் பாடம் வந்தபோது நிம்மதியாக இருந்தது. வினைச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் விகுதியை ஒட்டினால் போதுமாம். 'காந்தார்' என்றால் பாடுவது. 'காந்தரே' என்றால் பாடுவேன். 'கொமெர்' உண்பது, 'கொமெரே' உண்பேன். வினையைத் தொடாமல் முன்னால் 'அக்கான்' போட்டுவிடும் மலாய் மொழி அளவுக்கு எளிது இல்லை; ஆனாலும் பரவாயில்லை.

அடுத்த கேள்வி: 'நாளை எனக்கு நேரம் இருக்கும்.' நம்மிடம் ஒன்று இருப்பதைச் சொல்லும் வினை 'தெனெர்'. விதிப்படி 'தெனெரே' என்று எழுதினேன். திரை சிவந்தது. சரியான விடை 'தெந்த்ரே'.

அந்த 'த்' எங்கிருந்து வந்தது? 'ஒழுங்கற்ற வினை, மனனம் செய்க' என்பதோடு செயலி நிறுத்திக்கொண்டது. மாணவர் 'ஏன் சார்?' என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்று சொல்லக் கூச்சப்படும் ஆசிரியன் நான். தேடிப் பார்த்தேன். விடை நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மூக்கை இரு விரல்களால் மூடிக்கொண்டு 'ன்ன்ன்' என்று இழுத்துச் சொல்லுங்கள். ஒலி உடனே அடைத்துக்கொள்ளும். 'ன்' சொல்லும்போது நாக்கு நுனி வாயை அடைத்துவிடுகிறது. காற்று மூக்கு வழியாகத்தான் போகிறது. 'ர்' சொல்ல வேண்டுமானால் இரண்டு வேலைகள் ஒரே நொடியில் நடக்க வேண்டும். அண்ணத்தின் பின்பகுதியில் உள்ள மென்மையான சதை மேலெழுந்து மூக்கு வழியை மூட வேண்டும்; நாக்கு நுனி விலகி வாய்வழியைத் திறக்க வேண்டும். மூக்கு வழி சற்று முந்தி மூடிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு கணம் இரண்டு வழியும் அடைபட்டு, காற்று தேங்கி, நாக்கு விலகும்போது வெடித்து வெளியேறும். அந்த வெடிப்புதான் 'த்'. இப்போது மூக்கை விட்டுவிட்டு 'தென்ரே' என்று வேகமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். அழையாமலே அது எட்டிப் பார்க்கும். இடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'தண்டர்' கூட, பழைய ஆங்கிலத்தில் நடுவில் 'ட்' இல்லாமல்தான் இருந்தது.

சரி, 'தெனெர்' முதலில் 'தென்ர்' ஆனது எப்படி? இலக்கிய இலத்தீனில் எதிர்காலத்துக்கென்று தனி வடிவங்கள் இருந்தன. பேச்சு இலத்தீனில் அவை மெல்ல மறைந்தன. 'பாட எனக்கு உண்டு' என்பதுபோல, வினையோடு 'ஹபெயோ' என்ற இன்னொரு வினையைச் சேர்த்துப் பேசினார்கள். அந்த 'ஹபெயோ' தேய்ந்து தேய்ந்து 'ஏ' ஆயிற்று. ஆக, ஸ்பானிய எதிர்கால விகுதி ஒரு காலத்தில் தனிச்சொல். அழுத்தம் முழுவதும் கடைசி 'ஏ' மீது விழுந்ததால், அதற்கு முன்னால் இருந்த 'எ' வலுவிழந்து உதிர்ந்தது. 'ன்' நேராக 'ர்' மீது மோதியது.

பள்ளியில் புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதல்ல. 'எ' போனது கெடுதல். 'த்' வந்தது தோன்றல். நன்னூல் படித்தவருக்கு ஸ்பானிய ஆசிரியர் இந்த இடத்தில் பாதி வேலையை விட்டுவிடலாம்!

இதே வழியில் 'பெனிர்' (வருவது) 'பெந்த்ரே' ஆகிறது. 'ஸலிர்' (வெளியே போவது) 'ஸல்த்ரே' ஆகிறது. 'பொதெர்' (முடிவது) 'பொத்ரே' ஆகும்போது உயிர் மட்டும் உதிர்கிறது. இப்படி அடிப்படை வினைகள் 12 உண்டு. விகுதிகள் எல்லா வினைக்கும் ஒன்றுதான். மாறுவது பகுதி மட்டுமே.

ஏன் 12 மட்டும்? முன்பு இன்னும் பல இருந்தன. பழைய ஸ்பானியத்தில் உண்பேன் என்பதற்கு 'கொம்ப்ரே' என்ற வடிவம் உண்டு. 'ம்' சொல்ல உதடுகள் மூடுவதால் அங்கே நுழைந்தது 'ப்'. பிறகு விதி அதைத் திருத்தி 'கொமெரே' ஆக்கிவிட்டது. விதிக்கு அடங்காமல் தப்பிப்பவை பெரும்பாலும் அன்றாடம் வாயில் புழங்கும் சொற்கள். ஆங்கில இறந்தகால வினைகளைக் கொண்டு இதை அளந்த ஆய்வு 2007இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளில் இன்று 98 மட்டுமே ஒழுங்கற்றவையாக நீடிக்கின்றன. 100 மடங்கு குறைவாகப் புழங்கும் வினை 10 மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வருகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஸ்பானியத்திலும் சான்று உண்டு. 'தெஸிர்' (சொல்வது) 'திரே' ஆகிறது. அதிலிருந்து பிறந்த, குறைவாகப் புழங்கும் 'பெந்தெஸிர்' (ஆசீர்வதிப்பது) விதிக்குப் பணிந்து 'பெந்தெஸிரே' ஆகிறது.

உண்பது அன்றாட வினை இல்லையா, அது ஏன் மாறியது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புழக்கம் முக்கியக் காரணம். ஒரே காரணம் அல்ல.

இப்போதெல்லாம் விடை எழுதுமுன் வேகமாக உச்சரித்துப் பார்க்கிறேன். 'போனெர்' (வைப்பது) வந்தபோது 'பொந்த்ரே' தானாக வந்தது. 'அஸெர்' (செய்வது) 'அரே' ஆவதற்கு மட்டும் இந்தச் சோதனை உதவவில்லை. நேற்றும் அதற்குத் திரை சிவந்தது.