மருத்துவரின் மருத்துவர் யார்?

மருத்துவமனையின் செயல்திறனைக் கருவிகளும் தனிமனிதரின் படிப்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை; யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மனிதரைப் புள்ளிகளாகவும் அவர்களிடையே உள்ள தொடர்பைக் கோடுகளாகவும் வரைந்து இதை ஆராயும் முறை வலையமைப்புப் பகுப்பாய்வு எனப்படும்.

1950களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த நான்கு நகரங்களில், ஜேம்ஸ் கோல்மன், எலிஹு காட்ஸ், ஹெர்பர்ட் மென்செல் ஆகிய சமூகவியலாளர்கள், டெட்ராசைக்ளின் என்னும் புதிய நுண்ணுயிர்க்கொல்லியை மருத்துவர்கள் எப்போது எழுதத் தொடங்கினர் என்பதை மருந்துக்கடைச் சீட்டுகளிலிருந்து கண்டறிந்து, எந்தச் சக மருத்துவரை நாடுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு ஒப்பிட்டபோது, பலரால் நண்பராகவும் ஆலோசகராகவும் குறிப்பிடப்பட்டவர்கள் தனித்திருந்தவர்களைவிட முன்னதாகவே அம்மருந்தைக் கைக்கொண்டது தெரியவந்தது. அதே தரவுகளை 2001இல் மீண்டும் ஆராய்ந்தவர்களோ, மருந்து நிறுவனங்களின் விளம்பரத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பரவலில் உறவுகளின் பங்கு மறைந்துவிடுகிறது என்று வாதிட்டனர்.

எனினும் செய்தி கைமாறும் விதம் உயிரைத் தொடுவது என்பதில் ஐயமில்லை. பணிமுறை மாறும்போது நோயாளியின் விவரங்களை ஒழுங்குபடுத்திய வரிசையில் ஒப்படைக்கும் முறையை ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் புகுத்தியபின், மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, தெளிவாகச் சொல்வதும் கவனமாகக் கேட்பதும் சிகிச்சையின் பகுதிகளே.