எட்டு மணி மாத்திரை

இரவு எட்டு மணிக்கு எங்கள் இல்லத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மாத்திரை போடுவோம். சமையல் பார்க்கிற அக்கா, பிள்ளைகளுக்குத் துணி தைக்கிற அக்கா, பிள்ளைகள், நான். நாமக்கல் பக்கம் இருக்கிறது இந்த வீடு. எச்ஐவியோடு பிறந்து, தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளை எச்ஐவியோடு வாழும் பெண்களே வளர்க்கிறோம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். 2003-ல் போய்ச் சேர்ந்தார். அப்போது எச்ஐவிக்கான கூட்டு மருந்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். 2004 ஏப்ரல் 1-ல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது; தாம்பரம் சானடோரியமும் முதல் மையங்களில் ஒன்று. பிறகு நாமக்கல் அரசு மருத்துவமனைக்கே இந்த மருந்தைத் தரும் ஏஆர்டி மையம் வந்தது. நான் உயிரோடு இருப்பது அந்த மாத்திரையால்தான்.

எச்ஐவி கிருமி, நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்களுக்குள் புகுந்து பெருகும். மாத்திரை அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும். அடிக்கடி விட்டுவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்கும். அதனால்தான் நேரம் தவறக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறோம். முன்பு எஃபாவிரென்ஸ் மாத்திரை கொடுத்த காலத்தில் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும், கெட்ட கனவு வரும். ஒரு பையன் நடுராத்திரி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சின்னதுகளுக்கு லோபினாவிர் சிரப். அப்படி ஒரு கசப்பு! நாக்கில் நாட்டுச்சர்க்கரையைத் தடவி, சிரப்பை ஊற்றி, மறுபடியும் சர்க்கரை வைப்போம். குடித்த கையோடு வாந்தி எடுத்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும், அழுதாலும் கொடுக்க வேண்டும். இப்போது டோலுடெக்ராவிர் வந்துவிட்டது. குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் மாத்திரையாகவே, ஸ்ட்ராபெரி சுவையில் கிடைக்கிறது.

மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டம், எதற்கு என்று சொல்வது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள், அவரவர் புரிந்துகொள்ளும் பக்குவத்துக்கு ஏற்பச் சொல்லிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் தலை பின்னும்போது கேட்டாள்.

"பெரியம்மா, சளி புடிச்சா அஞ்சு நாள்தான மாத்திரை? எனக்கு மட்டும் ஏன் தீரவே மாட்டேங்குது?"

"உன்ற ரத்தத்துல ஒரு கிருமி இருக்குது கண்ணு. மாத்திரை போட்டா அது தூங்கிட்டே இருக்கும்."

"உங்களுக்கும் இருக்குதா?"

"இருக்குது சாமி."

சற்று நேரம் பேசவில்லை. "அப்ப நானும் உங்களாட்ட பெரிசாயிருவேனா?" என்றாள்.

அம்மாவும் அப்பாவும் செத்ததைப் பார்த்த பிள்ளை அது. பெரிசாக முடியும் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் நாங்கள். கிருமியின் பெயரை அடுத்த வருடம் ஆலோசகரை வைத்துக்கொண்டு சொன்னோம்.

வெளியில் சொல்வது வேறு சமாச்சாரம். ஒரு பள்ளிக்கூடத்தில் விஷயம் கசிந்து, எங்கள் பிள்ளைக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால், தொட்டால் எச்ஐவி பரவாது. இதை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ! 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்ஐவி சட்டப்படி பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. குடும்பத்தைத் தாங்குகிற பக்குவமுள்ள, 12 வயது நிரம்பிய அக்காவோ அண்ணனோ கூடப் பிறந்தவர்களுக்குக் காப்பாளராகக் கையெழுத்துப் போடலாம். பதினைந்து வயதில் தம்பியைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்த ஒருத்தியைப் பார்த்த எனக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

எங்கள் இப்போதைய கவலை வளர்ந்த பிள்ளைகள். பதினெட்டு முடிந்தால் இல்லத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை, வாடகை ரூம், அதற்கப்புறம் கல்யாணம். 1986-ல் இந்தியாவில் எச்ஐவியை முதன்முதலாகச் சென்னையில் கண்டறியக் காரணமான டாக்டர் சுனிதி சாலமனே பின்னாளில் தன்னிடம் வந்தவர்களுக்கு வரன் பார்த்து வைத்தார். நானும் பார்க்கிறேன். திருப்பூரில் தையல் வேலையில் இருக்கும் எங்கள் பெண்ணைக் கேட்டு ஒரு பையனின் தாயார் வந்தார். அவனுக்கும் எச்ஐவி உண்டு. முதலில் வைரல் லோடு ரிப்போர்ட்டைத்தான் கேட்டேன். இருவருக்கும் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று பெண் கேட்டாள். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும், தாய் ஒழுங்காக மாத்திரை போட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும் என்று டாக்டரே அவளிடம் விளக்கினார். பையனுக்குக் கோழிப்பண்ணையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று விட்டிருக்கிறோம். அவள் சரியென்றால் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம்.