கடுகளவு சதையும் ஒரு மெழுகுக் கட்டியும்



சென்ற மாதம் பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் போயிருந்தபோது ஒரு தாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "டிரெசர் ஐயா, மகன் ஜூரோங்கிலே வெல்டிங் வேலை பாக்கிறான். வாய்க்குள்ளே கன்னத்திலே வெள்ளையாப் படை மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரியிலே கடுகளவு சதையை வெட்டி எடுத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்களாம். ரத்தம் எடுத்தா அன்னைக்கே சொல்லிடறாங்க. இதுக்கு மட்டும் ஏன் ஒரு வாரம்? எதையோ மறைக்கிறாங்களா?"

மறைக்கவில்லை, அம்மா. அந்தச் சதைக்கு நிறைய வேலை இருக்கிறது. அதை இன்று எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

மரத்திலிருந்து இறங்கிய பாலை வெயிலில் விட்டால் என்ன ஆகும்? புளித்து நாறிவிடும். உடம்பிலிருந்து பிரித்த சதையும் அப்படித்தான். ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்து அது தன்னைத்தானே கரைக்கத் தொடங்கும். அதைத் தடுக்க உடனே ஃபார்மலினில் போட வேண்டும். நாம் பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே ஃபார்மிக் ஆசிட், அதற்கும் இதற்கும் பெயரில் மட்டுமல்ல, ரசாயனத்திலும் உறவு உண்டு. சதையைப் போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். அது உள்ளே ஊறுவது மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் வெந்து நடுப்பக்கம் பச்சையாக இருக்கும் இட்லி கதைதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பால் வெட்டும் ஓர் அம்மாளின் நாக்கு ஓரத்திலிருந்து எடுத்த சதையை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. ஃபார்மலின் தீர்ந்திருந்தது. புண் கழுவும் உப்பு நீரில் போட்டு வைத்தேன். திங்கட்கிழமைதான் வண்டி போயிற்று. "சதை கெட்டுவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும்" என்று பதில் வந்தது. அந்த அம்மாளை முதல் தடவை சம்மதிக்க வைக்கவே நாங்கள் பட்ட பாடு பெரிது. இரண்டாம் தடவை வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் புண் பெரிதாகிவிட்டது. அன்றிலிருந்து ஃபார்மலின் புட்டியை நானே தினமும் பார்த்து வைக்கிறேன். (அதன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதி. யாரும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம்.)

பரிசோதனைக் கூடத்துக்குப் போன பிறகு நடப்பது இது. சதையில் உள்ள நீரை, வலிமை குறைந்த ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, மெதுவாக வெளியேற்றுவார்கள். பிறகு சைலீன் என்ற திரவம் ஆல்கஹாலை வெளியேற்றும். அதன் இடத்தில் 60 டிகிரி அளவில் உருகிய பாரஃபின் மெழுகு போய் உட்காரும். இதற்கே ஓர் இரவு வேண்டும். நீர் சரியாகப் போகாவிட்டால் மெழுகு ஏறாது, சதை கொழகொழவென்று நிற்கும். அளவுக்கு மீறி உலர்த்தினால் கருவாடு மாதிரி முறுகி, வெட்டும்போது பொடியும்.

அடுத்து அச்சில் வைத்து மெழுகு ஊற்றுவது. கைத்தேர்ச்சி தெரிவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். வாய்ச் சதையைப் படுக்கப் போடக் கூடாது, ஒருக்களித்து நிறுத்த வேண்டும். மேல்தோல் ஒரு பக்கம், அடிச்சதை மறுபக்கம் என்று இரண்டும் ஒரே வெட்டில் தெரிய வேண்டும். கெட்ட அணுக்கள் மேல்தோலோடு நிற்கின்றனவா, எல்லையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா என்பதுதான் கேள்வியே. சாய்வாக வெட்டினால் நல்ல தோலே உள்ளே இறங்கியது போல் தோன்றி டாக்டரை ஏமாற்றும்.

பிறகு மைக்ரோடோம் என்ற சீவும் இயந்திரம். நாம் ஒரு தடவை மரம் சீவினால் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போகும். அங்கே சீவுவது ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு! மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியில் குளிர வைத்துச் சீவினால் நாடா நாடாக வரும். கத்தியில் பல் விழுந்தால் நம் மரத்தில் விழுவது போலவே சதையிலும் நெடுங்கோடு விழும். அந்த நாடாவை 40 டிகிரிக்கு மேல் கொஞ்சம் சூடான நீரில் மிதக்க விட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டில் ஏந்துவார்கள். உலர்த்தி, மெழுகைக் கரைத்து, சாயம் ஏற்றுவார்கள். நீலச் சாயம் மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் வைரக் கட்டையிலிருந்து வருவது. இளஞ்சிவப்பு, ரசாயனச் சாயம். அதன் பிறகே டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறார். சந்தேகமிருந்தால் இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார். அதற்கு மேலும் ஒரு நாள்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்குப் பேர்போனவர் நம்மவர் ஒருவர். பேராசிரியர் கே. சண்முகரத்னம் (1921-2018), 1968 முதல் இயங்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியவர். மூக்கு, தொண்டைப் பகுதிக் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் எப்படி வகை பிரிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 1978இல் வெளியிட்ட நூலை முன்னின்று எழுதியவரும் அவரே. அவர் மகன் தர்மன் 2001 முதல் 2023 வரை ஜூரோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு 2023இல் அந்த நாட்டுக்கே அதிபரானார்.

வாய்ப் புற்றுநோய் அங்கே இந்தியர்களிடம் அதிகம் என்பதும் பழைய செய்தி. சிங்கப்பூரில் இருந்த மியூர், கிர்க் என்ற இரு டாக்டர்கள் வெற்றிலையையும் புகையிலையையும் பற்றி 1960இலேயே எழுதிவிட்டார்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2003இல் அறிவித்தது. "நான் புகையிலை போடறதில்லையே" என்று சொல்லும் பாட்டிமார் கவனிக்கவும். குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் முதல் தடை. ஆனாலும் ஊரிலிருந்து வருபவன் பையில் ஒளித்துக் கொண்டு வருகிறான்.

வாயில் புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படையோ இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் என்னிடம் வாருங்கள். சதை எடுத்தால் புற்று பரவும் என்ற பேச்சை நம்பிப் பயப்பட வேண்டாம்.

அந்தத் தாய்க்கு ஒன்று. ரிப்போர்ட்டில் ஒரு நகல் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த மெழுகுக் கட்டியைத் தூக்கிப் போட மாட்டார்கள், பல வருஷம் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். மகன் நாளைக்கு வேறு டாக்டரிடம் போனாலும், மறுபடி வாயில் கத்தி வைக்காமல், அதே கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்துப் பார்க்க முடியும்.